பாறைகள் ஏன் வரிசை கட்டி நிற்கின்றன? விளையாட்டுத் திரையில் பொருள்களைச் சிதறவிடும்போது வரும் கோளாறுகள்

அக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோடை விடுமுறையில் பைத்தான் நிரல் மொழியும், அதில் விளையாட்டு எழுத உதவும் பைகேம் தொகுப்பும் வைத்து ஒரு விண்கல விளையாட்டு எழுதினாள். 800 பிக்சல் அகலமும் 600 பிக்சல் உயரமும் உள்ள திரை, நடுவில் விண்கலம், சுற்றிலும் 40 பிக்சல் சதுரத்தில் பாறைகள். விநாடிக்கு ஒரு பாறை புதிதாக முளைக்க வேண்டும். முளைக்கவும் செய்தது. ஆனால், "எங்கே வேண்டுமானாலும் விழு என்றுதான் எழுதியிருக்கிறேன் மாமா, எல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன" என்று மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

அவளுடைய பாறைகளுக்கு என்ன நேர்ந்தது என்பது கீழே வருகிறது. அன்றைக்கு ஆரம்பித்து அந்த விடுமுறை முழுவதும் அந்த விளையாட்டில் அடுத்தடுத்து வந்த கோளாறுகளையும், நானே முன்பு மாட்டிக்கொண்டு விழித்தவற்றையும் குறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரியும் குறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பொருள்கள் தவறாக விழுந்தால் சமவாய்ப்பு எண்ணை, அதாவது கணினி குலுக்கிப் போட்டுத் தரும் எண்ணை, குற்றம் சொல்லாதீர்கள். இத்தனை வருடத்தில் என் நிரல்களில் அது குற்றவாளியாக இருந்ததே இல்லை. நான் கேட்ட எல்லையோ, வடிவமோ, கேட்ட நேரமோதான் தவறாக இருந்திருக்கிறது.

கோளாறு தேடுவதற்கு முன்

இரண்டு ஏற்பாடுகள் செய்துகொள்ளுங்கள். பாறையை இடும் அதே வரிகளைத் தனியாக எடுத்து 1000 முறை ஓடவிட்டு, விழுந்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். இடையில் திரையை அழிக்க வேண்டாம். 20 பாறைகளை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. 1000 புள்ளிகளில் மூலைக் குவியல், நடுத்திட்டு, ஓரத்து வெற்றுப்பட்டை எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். பாதிக் கோளாறுகளை இந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது விதை எண். கணினி தரும் சமவாய்ப்பு எண்கள் ஒரு தொடக்க எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. அதே விதையை இட்டால் அதே வரிசை முளைக்கும். விளையாட்டு தொடங்கும்போது ஒரு விதை எண்ணை நீங்களே தேர்ந்தெடுத்து இட்டு, அதை அச்சிட்டும் வையுங்கள். "நேற்று ஒரு தடவை பாறை சுவருக்குள் மாட்டிக்கொண்டது" என்று யாராவது சொன்னால், அந்த எண்ணை மறுபடி இட்டு அதே ஆட்டத்தை வரவழைக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் மொழியோடு வரும் சமவாய்ப்புக் கட்டளைக்கு விதை இட வழியே இல்லை. அங்கே விதை ஏற்கும் சிறு நூலகம் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குறி: எல்லாப் பொருள்களும் மேல் இடது மூலையில் குவிகின்றன

அநேகமாக எல்லா இடமும் 0, 0 என்று வந்திருக்கும். 0 முதல் 1 வரையிலான தசம எண்ணை வாங்கி, அகலத்தால் பெருக்குவதற்கு முன்பே முழு எண்ணாக வெட்டிவிட்டீர்கள். 0.73 வெட்டுப்பட்டால் 0. அதை 800 ஆல் பெருக்கினாலும் 0. பெருக்கிய பிறகு வெட்டுங்கள். சி மொழியில் இதே தவறு வகுத்தல் வேடத்தில் வரும்: கிடைத்த எண்ணை அதன் உச்ச வரம்பால் முழு எண்ணாகவே வகுத்தால் விடை கிட்டத்தட்ட எப்போதும் 0 தான்.

சிறுவர்கள் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்சில் இதற்கு ஓர் உறவுக்காரக் கோளாறு உண்டு. சமவாய்ப்புக் கட்டத்தில் 0 முதல் 1 என்று போட்டால் 0 அல்லது 1 மட்டுமே வரும்; பொருள்கள் மூலைகளில் மட்டும் தோன்றும். 0 முதல் 1.0 என்று ஒரு புள்ளி சேர்த்துவிட்டால் தசமங்கள் வரும். யாரும் சொல்லாமல் இது எப்படித் தெரியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

குறி: பொருள்கள் குறுக்குக் கோட்டில் நிற்கின்றன

இதுதான் எங்கள் வீட்டுக் கோளாறு. மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு நூல் பிடித்தாற்போல் பாறைகள் நின்றன. ஒவ்வொரு பாறையின் இடத்தையும் அச்சிடச் சொன்னேன். 200, 150. அடுத்தது 640, 480. பிறகு 88, 66. அதன்பின் 416, 312. அவள் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "முதல் எண்ணை நான்கால் வகுத்து மூன்றால் பெருக்கு" என்றேன். இரண்டு கணக்குப் போட்டதும் முகம் மாறிவிட்டது. திரையின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று. அப்படியென்றால் கிடை (இடவல இடம்), குத்து (மேல்கீழ் இடம்) இரண்டுக்கும் ஒரே பின்னம்தான் வந்திருக்கிறது. நிரலைத் திறந்தோம்.

எண்_கொடு(உச்சம்):
  விதை_இடு(இப்போதைய விநாடி)
  திருப்பிக்கொடு தசமம்() × உச்சம்

கிடை = எண்_கொடு(800)
குத்து = எண்_கொடு(600)

விதை இட்டால்தான் நன்றாகக் கலையும் என்று எங்கோ படித்திருக்கிறாள். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு விதை. சீட்டுக்கட்டை ஒவ்வொரு முறையும் பழைய வரிசைக்கே அடுக்கிவிட்டு மேல் சீட்டை எடுப்பதற்குச் சமம் இது. கிடைக்கான சீட்டும் குத்துக்கான சீட்டும் ஒரே விநாடிக்குள் எடுக்கப்படுவதால் இரண்டும் ஒரே சீட்டு. விநாடி மாறினால் சீட்டு மாறும்; பாறை கோட்டின் மேலேயே வேறோர் இடத்துக்குப் போகும். பாறைகள் விநாடிக்கு ஒன்றாக வராமல் மொத்தமாக முளைத்திருந்தால் எல்லாம் ஒரே புள்ளியில் விழுந்திருக்கும், நாங்களும் வேறெங்கோ தேடியிருப்போம்.

தீர்வு ஒரு வரியை இடம் மாற்றுவதுதான். விதையை நிரலின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை இடுங்கள். பைத்தானில் ஆட்டம் மாறி மாறி வந்தால் போதும் என்றால் அதுவும் வேண்டாம், அதுவே இட்டுக்கொள்ளும். விதை இடாமலே கோடு வந்தால், ஒரு முறை வாங்கிய எண்ணைக் கிடை, குத்து இரண்டுக்கும் சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

குறி: 20 பாறைகள் செய்தேன், ஒன்றுதான் தெரிகிறது

பைத்தானில் ஒரு பாறையைச் செய்து பட்டியலில் போட்டு, அந்தப் பட்டியலை 20 ஆல் பெருக்கினால் 20 பாறைகள் கிடைக்காது. ஒரே பாறைக்கு 20 பெயர்கள் கிடைக்கும். கடைசியாக எங்கே நகர்த்தினீர்களோ அங்கே எல்லாம் நிற்கும். லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகளுக்குள்) ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யுங்கள்.

குறி: ஓரத்தில் பாதி வெட்டுப்படுகின்றன, அல்லது திரையின் ஒரு பகுதிக்கு வருவதே இல்லை

பைகேமில் ஒரு படத்தை வைக்கும் இடம் என்பது அதன் மேல் இடது மூலை. 0 முதல் 800 வரை கேட்டால், 790 இல் விழுந்த பாறையில் 10 பிக்சல்தான் திரைக்குள் இருக்கும். கேட்க வேண்டியது 0 முதல் 760 வரை, குத்துக்கு 0 முதல் 560 வரை. படத்தின் மையத்தை வைத்து இடம் குறிப்பவர்கள் 20 முதல் 780 வரை கேட்க வேண்டும். பாறைகள் பல அளவில் இருந்தால் முதலில் அளவைத் தீர்மானித்து, பிறகு இடத்தைக் கேளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மேல் எல்லை அடங்குமா அடங்காதா என்பது மொழிக்கு மொழி மாறும். பைத்தானின் ரேண்ட்இண்ட் கட்டளை இரண்டு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். ரேண்ட்ரேஞ்ச் மேல் முனையை விட்டுவிடும். யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரே கட்டளை முழு எண்களுக்கு மேல் முனையை விடும், தசமங்களுக்குச் சேர்த்துக்கொள்ளும். கட்டம் போட்ட விளையாட்டுகளில் இது உடனே கடிக்கும்: கடைசி நெடுவரிசையில் எதுவுமே வராது, அல்லது எப்போதாவது ஒருமுறை இல்லாத கட்டத்தைத் தேடி நிரல் நின்றுவிடும். எப்போதாவது மட்டும் நிற்கும் நிரல் இருந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த முனையைத்தான்.

பொருள்கள் திரையின் கால் பகுதியில் மட்டும் வந்தால் அச்சுகள் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். ஸ்கிராட்சில் மேடை 480 க்கு 360. நடுப்புள்ளிதான் 0, 0. கிடை −240 முதல் 240 வரை, குத்து −180 முதல் 180 வரை ஓடும். 0 முதல் 240 வரை கேட்டால் வலது மேல் பக்கத்தைத் தாண்டாது.

குறி: பாறைகள் துடிக்கின்றன, கொசுக்கூட்டம் மாதிரி பறக்கின்றன

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வரி, திரையை வரையும் லூப்புக்குள் இருக்கிறது. விநாடிக்கு 60 முறை வரைந்தால் 60 முறை இடம் மாறுகிறது. இடத்தைப் பாறை பிறக்கும்போது ஒருமுறை தேர்ந்து அதனிடமே சேமித்து வையுங்கள். வரையும் இடத்தில் சமவாய்ப்பு என்ற சொல்லே வரக்கூடாது, பின்னணியில் மினுக்கும் விண்மீன்களைத் தவிர.

குறி: எத்தனை முறை ஆடினாலும் அதே இடங்கள்

சி மொழியில் விதை இடாமல் விட்டால் ஒவ்வொரு முறையும் விதை 1 என்று இட்டதாகவே நடக்கும். பைத்தானில் இந்தக் குறி வந்தால் கோளாறு தேடும்போது இட்ட விதையை எடுக்க மறந்துவிட்டீர்கள்.

இதைக் கோளாறு என்று சொல்வதே பாதி உண்மைதான். 1984 இல் பிபிசி மைக்ரோ கணினிக்காக இயான் பெல்லும் டேவிட் பிராபனும் எழுதிய எலீட் விளையாட்டில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள் இருந்தன. அந்தக் கணினியின் நினைவகம் 32 கிலோபைட். 2048 கோள்களின் இடத்தையும் பெயரையும் எழுதி வைத்தால் விளையாட்டுக்கு இடம் இருக்காது. அவர்கள் விதையை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கோள்களைக் கணக்கிட்டு வரவழைத்தார்கள். எல்லா வீட்டுக் கணினியிலும் அதே கோள்கள் அதே இடத்தில். உங்கள் விளையாட்டில் "இன்றைய ஆட்டம்" என்று ஒன்று வைத்து எல்லோருக்கும் ஒரே பாறைகளைத் தர விரும்பினால், தேதியையே விதையாக இடலாம்.

குறி: பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன

இது கோளாறல்ல, கணக்கு. 23 பேர் உள்ள வகுப்பில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல் என்று சொல்வார்களே, அதே கணக்குதான் இங்கும். எங்கள் திரையில் ஏதாவது இரண்டு பாறைகளை எடுத்தால் அவை உரசிக்கொள்ள வாய்ப்பு சுமார் 1.4 சதவீதம்; அற்பம். ஆனால் 10 பாறைகளில் 45 ஜோடிகள், 20 பாறைகளில் 190 ஜோடிகள். 10 பாறைகளிலேயே எங்காவது ஒரு மோதல் இருக்க வாய்ப்பு ஏறக்குறையப் பாதி. 20 பாறைகளில் 90 சதவீதத்துக்கும் மேல். திரை எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள்.

எல்லோரும் எழுதும் தீர்வு: ஓர் இடத்தைத் தேர்ந்தெடு, ஏற்கெனவே உள்ள பாறைகளோடு உரசுகிறதா பார், உரசினால் வேறிடம் கேள். சில பாறைகள்வரை இது நன்றாகவே வேலை செய்யும். பிறகுதான் அடுத்த குறி வரும்.

குறி: சில சமயம் விளையாட்டு தொடங்காமல் உறைந்துவிடுகிறது

மேலே சொன்ன "வேறிடம் கேள்" என்ற லூப் முடியாமல் சுற்றுகிறது. நிரலில் பிழை இல்லை. திரையில் இடம் இல்லை.

மொத்தப் பரப்பில் இன்னும் காலியிடம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது ஒரு பாறை நுழைய முடியாத சந்துபொந்துகளாகச் சிதறிக் கிடக்கும். வட்டங்களை ஒவ்வொன்றாகக் கண்ட இடத்தில் இட்டுக்கொண்டே போனால், பரப்பில் சுமார் 54.7 சதவீதம் நிரம்பியதும் அதற்குமேல் ஒன்றுகூட நுழையாது என்பது தெரிந்த கணக்கு. 40 பிக்சல் விட்டமுள்ள வட்டப் பாறைகள் என்றால் எங்கள் திரையில் ஏறக்குறைய 200. "அவ்வளவு யார் வைக்கப் போகிறார்கள்" என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் விண்கலம் புகுந்து போக வழி வேண்டுமென்று மையத்துக்கு மையம் 80 பிக்சல் இடைவெளி கேட்டுவிட்டால், கணக்கில் ஒவ்வொரு பாறையும் 80 பிக்சல் வட்டமாகிவிடுகிறது. 200 என்பது ஐம்பது, அறுபதாகச் சுருங்கிவிடும். அதை நெருங்கும் முன்பே ஒவ்வொரு பாறைக்கும் ஆயிரக்கணக்கான முயற்சிகள் தேவைப்படும். எங்கள் விளையாட்டில் பத்தாவது நிலைக்கு 60 பாறைகள் என்று எழுதியிருந்தோம். ஒன்பது நிலைகள் ஒழுங்காக ஓடின.

ஆகவே, எத்தனை முறை முயல வேண்டும் என்று வரம்பு வையுங்கள்.

100 முறை முயல்:
  இடம் = புதிய_இடம்()
  இடம் காலி என்றால்: பாறையை வை, வெளியேறு
முடியாவிட்டால்: இந்தப் பாறையை விட்டுவிடு

ஒரு பாறை குறைந்தால் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. எண்ணிக்கை குறையவே கூடாது என்றால் கீழே "கொத்துக் கொத்தாக" என்ற குறியில் உள்ள கட்ட முறைக்குப் போய்விடுங்கள்.

குறி: ஆட்டம் தொடங்கியதும் விண்கலம் வெடிக்கிறது

பாறை விண்கலத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. நடுவில் நிற்கும் 40 பிக்சல் விண்கலத்தின்மேல் ஒரு பாறை விழ வாய்ப்பு ஒன்றரை சதவீதம். 20 பாறைகள் என்றால் நாலு ஆட்டத்தில் ஒன்று இப்படி முடியும். விண்கலத்திலிருந்து குறைந்தது 150 பிக்சல் தள்ளி விழட்டும் என்று நிபந்தனை சேருங்கள். தூரத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டியதில்லை. கிடை வித்தியாசத்தின் வர்க்கமும் குத்து வித்தியாசத்தின் வர்க்கமும் சேர்ந்து 22500 ஐத் தாண்டினால் போதும்.

நிபந்தனை சேர்த்த பிறகும் வெடித்தால், உங்கள் விளையாட்டில் வலது ஓரம் தாண்டினால் இடது ஓரத்தில் வருவதுபோல் வைத்திருக்கிறீர்களா? அடாரி நிறுவனத்தின் 1979 ஆம் ஆண்டு ஆஸ்டராய்ட்ஸ் விளையாட்டிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட வழக்கம் அது. அப்படிப்பட்ட திரையில் கிடை 790 இல் உள்ள பாறைக்கும் 10 இல் உள்ள விண்கலத்துக்கும் தூரம் 780 அல்ல, 20. வித்தியாசத்தையும், 800 இலிருந்து அதைக் கழித்து வருவதையும் பார்த்து, எது சிறியதோ அதை எடுங்கள். குத்துக்கும் அப்படியே.

குறி: வட்டத்துக்குள் சிதறவிட்டால் நடுவில் அப்பிக்கொள்கிறது

பாறைகள் சதுரமாகப் பரவுவது அழகாக இல்லை, விண்கலத்தைச் சுற்றி வட்டமாக வரட்டும் என்று நினைத்தோம். ஒரு கோணம், மையத்திலிருந்து ஒரு தூரம்; இரண்டையும் சமவாய்ப்பாகக் கேட்டால் முடிந்தது என்று எழுதினோம். 1000 புள்ளிப் படம் எடுத்தபோது நடுவில் மை கொட்டியதுபோல் ஒரு திட்டு.

காரணம் இது. ஆரம் 300 என்று வையுங்கள். தூரத்தை 0 முதல் 300 வரை சமமாகக் கேட்டால் 500 புள்ளிகள் 150 க்கு உள்ளேயும் 500 வெளியேயும் விழும். ஆனால் பாதி ஆரத்துக்குள் இருப்பது கால்வாசிப் பரப்புதான். உள்ளே 250 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 500 பேர். வெளியே 750 பேருக்கான இடத்தில் 500 பேர். உள்ளே மூன்று மடங்கு நெருக்கம். தூரத்தைச் சமமாகக் கேட்கக் கூடாது, பரப்பைச் சமமாகக் கேட்க வேண்டும். பரப்பு தூரத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் வர்க்கமூலம் உள்ளே வருகிறது:

தூரம் = 300 × √தசமம்()

விண்கலத்துக்குப் பாதுகாப்பாக 150 க்கு உள்ளே எதுவும் வேண்டாம் என்றால் வளையத்துக்கான வடிவம் இது:

தூரம் = √(22500 + 67500 × தசமம்())

22500 உள்வட்ட ஆரத்தின் வர்க்கம். 67500 இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம். தசமம் 0.5 வந்தால் தூரம் 237 என்று வரும், 225 அல்ல. அந்த 12 பிக்சலில்தான் திட்டு மறைகிறது.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு: சதுரத்துக்குள் இடம் கேட்டு, வட்டத்துக்கு வெளியே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். 100 இல் சுமார் 78 தேறும். முப்பரிமாணத்தில் கனசதுரத்துக்குள் கோளம் என்றால் 52 தேறும். அதுவும் மோசமில்லை. நேராகக் கணக்கிட விரும்பினால் கோளத்தின் உள்ளே நிரப்ப வர்க்கமூலத்துக்குப் பதில் கனமூலம்.

கோளத்தின் மேற்பரப்பில் மட்டும் புள்ளிகள் வைக்கும்போது இதே திட்டு இரண்டு துருவங்களிலும் தோன்றும், அட்சக் கோணத்தைச் சமமாகக் கேட்டால். துருவத்தருகே உள்ள வளையம் நிலநடுக்கோட்டு வளையத்தைவிடச் சிறியது அல்லவா? கோணத்தை விட்டுவிட்டு உயரத்தை −1 முதல் 1 வரை சமமாகக் கேளுங்கள். கோளத்தை ஒரே தடிமனில் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டின் வெளிப்பரப்பும் சமம் என்று ஆர்க்கிமிடீஸ் காட்டியது இந்த இடத்தில் கைகொடுக்கிறது.

குறி: சில பாறைகள் அசைவதே இல்லை

வேகத்துக்குக் கிடையிலும் குத்திலும் −2 முதல் 2 வரை முழு எண் கேட்டிருப்பீர்கள். இரண்டுமே 0 வர வாய்ப்பு 25 இல் 1. அதோடு மூலைவாக்கில் போகும் பாறைகள் நேராகப் போவதைவிட வேகமாக ஓடும். கோணத்தையும் வேகத்தையும் தனித்தனியாகக் கேட்டு, கோசைனாலும் சைனாலும் பெருக்கிக்கொள்ளுங்கள்.

குறி: கொத்துக் கொத்தாக விழுகின்றன, பரவலாக இல்லை

மேலே உள்ள எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு வரும் குறை இது. ஓரிடத்தில் ஐந்து பாறைகள் கும்பலாக, பக்கத்தில் பெரிய பொட்டல். "இப்போதும் தப்பாகத்தான் வருகிறது மாமா" என்றாள். இல்லை, இப்போதுதான் சரியாக வருகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனி வீசிய பறக்கும் குண்டுகள் லண்டனில் குறிபார்த்துக் கொத்தாக விழுவதாகப் பேச்சிருந்தது. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணிதர் தெற்கு லண்டனில் ஒரு பகுதியைக் கால் சதுர கிலோமீட்டர் அளவில் 576 கட்டங்களாகப் பிரித்து எண்ணிப் பார்த்து 1946 இல் வெளியிட்டார். விழுந்த குண்டுகள் 537. குண்டே விழாத கட்டங்கள் 229. ஒன்று விழுந்தவை 211, இரண்டு விழுந்தவை 93, மூன்று விழுந்தவை 35, நான்கு விழுந்தவை 7. ஒரு கட்டத்தில் மட்டும் ஐந்து அல்லது அதற்கு மேல். குருட்டாம்போக்கில் விழுந்தால் எத்தனை கட்டம் காலியாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் 227 வருகிறது. கும்பலும் பொட்டலும் சமவாய்ப்பின் இயல்பு; சீராகப் பரவியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் ஆடுபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அவருக்குப் பரவலாகத் தெரிய வேண்டும். நெல்லை வீசி விதைத்தால் ஓரிடம் அடர்த்தியாகவும் ஓரிடம் சொட்டையாகவும்தான் முளைக்கும். அவர் கேட்பது நடவு. அதிலும் கயிறு பிடித்து நட்டதுபோல் இல்லாமல், கை சற்றே தப்பிய நடவு.

அதற்கு எளிய வழி: திரையை 100 பிக்சல் கட்டங்களாகப் பிரியுங்கள். 8 நெடுவரிசை, 6 கிடைவரிசை, ஆக 48 கட்டங்கள். விண்கலம் நிற்கும் நடு நான்கு கட்டங்களை எடுத்துவிடுங்கள், மீதி 44. அந்தப் பட்டியலைக் குலுக்கி முதல் 20 கட்டங்களை எடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பாறையை 5 முதல் 55 வரை ஏதோவொரு தள்ளலில் வையுங்கள்:

கிடை = கட்டக்_கிடை × 100 + சமவாய்ப்பு(5, 55)
குத்து = கட்டக்_குத்து × 100 + சமவாய்ப்பு(5, 55)

பாறை 40 பிக்சல் என்பதால் பக்கத்துக் கட்டப் பாறைகளுக்கு நடுவில் குறைந்தது 10 பிக்சல் இருந்தே தீரும். உரசல் சோதனை வேண்டாம், முடியாத லூப் வேண்டாம், தொடங்கியதும் வெடிப்பதும் கிடையாது. சிறு விளையாட்டுக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தால் அவள் மற்றவற்றைப் பார்த்திருக்க மாட்டாள்.

கட்டத்தின் சாயல் கண்ணில் படுகிறது என்றால் டான் மிட்செல் 1991 இல் சொன்ன முறையைப் பாருங்கள்: ஒவ்வொரு பாறைக்கும் பத்து இடங்களைக் கேட்டு, ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்வது. ஆயிரக்கணக்கில் மரமோ விண்மீனோ வைக்கும்போது அது மெதுவாகிவிடும். அப்போது ராபர்ட் பிரிட்சன் 2007 இல் வெளியிட்ட முறை உதவும். வைத்த ஒரு புள்ளியைச் சுற்றி 30 முறை முயன்று, இடம் கிடைக்காவிட்டால் அந்தப் புள்ளியைக் கைவிட்டு அடுத்ததற்குப் போவது அதன் சாரம்.

குறி: பாம்பு விளையாட்டில் ஆட்டம் நீள நீளத் திக்குகிறது

உணவு பாம்பின் உடல்மேல் விழாமல் இருக்க "வேறிடம் கேள்" லூப்பே இங்கும் இருக்கிறது. 20 க்கு 20 கட்டத்தில் பாம்பு 380 கட்டம் நீண்டால் சராசரியாக 20 முயற்சி. ஒரே கட்டம் மிச்சம் என்றால் சராசரியாக 400, சில சமயம் அதைவிட மிக அதிகம். காலிக் கட்டங்களின் பட்டியலை எடுத்து அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் ஆடுபவர் வென்றுவிட்டார் என்று பொருள். அதற்கும் ஒரு வரி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் வென்ற கணத்தில் நிரல் விழும்.

புதிர்ப்பாதை விளையாட்டில் நாணயம் எட்ட முடியாத அறைக்குள் விழுந்தாலும் இதே பட்டியல்தான் தீர்வு. ஆடுபவர் நிற்கும் கட்டத்தில் தண்ணீரை ஊற்றி அது பரவும் கட்டங்களை மட்டும் குறித்துக்கொள்வதுபோல் எழுதி, அவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

எந்தக் குறியும் பொருந்தவில்லை என்றால்

சமவாய்ப்பு எண்ணையே சந்தேகிக்கலாம் என்று நான் ஒத்துக்கொள்ளும் இடம் இது மட்டும்தான். 1960 களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாக இருந்த ராண்டு என்ற முறை உண்மையிலேயே கெட்டது. அடுத்தடுத்த மூன்று எண்களை எடுத்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால் எல்லாப் புள்ளிகளும் 15 தட்டையான தளங்களில் அடுக்கடுக்காக விழும். இப்படிப்பட்ட முறைகள் எல்லாமே புள்ளிகளைத் தளங்களில்தான் இடும் என்று ஜார்ஜ் மார்சாக்லியா 1968 இல் காட்டினார். ராண்டுவில் தளங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைவு. இன்று பைத்தானில் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற வேறொரு முறை. விண்மீன் தூவுவதற்கு அது தேவைக்கு மேல் நல்லது.

பழைய சி நிரல் ஒன்றில் 0 முதல் 32767 வரையிலான எண்ணை 800 ஆல் வகுத்து மீதியை எடுத்திருந்தால், இடது பக்கத்து 768 நெடுவரிசைகளுக்கு 41 வாய்ப்பும் வலது ஓரத்து 32 க்கு 40 வாய்ப்பும் கிடைக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. உங்கள் வலது ஓரம் காலியாகத் தெரிந்தால் காரணம் அதுவல்ல. மேலே போய் 760 ஐ மறுபடி பாருங்கள்.